நோர்வேயில் நோர்ஸ்க் பாட ஆசிரியர் ஆவது: அந்தப் பயிற்சியில் என்ன இருக்கிறது?

ஒரு தாயார் கேட்ட கேள்வி இது: "என் மகள் ஒஸ்லோவில் பிறந்து வளர்ந்தவள். மேல்நிலைப் பாடசாலையை முடிக்கப் போகிறாள். நோர்ஸ்க் ஆசிரியராக வரப்போகிறேன் என்கிறாள். வீட்டில் நாங்கள் தமிழ்தான் கதைக்கிறோம். அவர்களுடைய தாய்மொழியை அவர்களுடைய பிள்ளைகளுக்கு எங்கள் வீட்டுப் பிள்ளை போய்ப் படிப்பிப்பதா? பேசத் தெரிந்த மொழிக்கு ஐந்து வருடப் படிப்பு எதற்கு? அப்படி என்னதான் சொல்லிக் கொடுக்கிறார்கள்?"

நான் 8 முதல் 10ஆம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கு நோர்ஸ்க், அதாவது நோர்வேஜிய மொழிப் பாடம், படிப்பிக்கிறேன். பல வருடங்களாகப் பயிற்சி மாணவர்களை என் வகுப்பில் ஏற்று வழிநடத்தியும் வருகிறேன். ப்ராக்சிஸ் ஆசிரியர் என்று அதற்குப் பெயர். அதனால் இந்தப் படிப்பு வகுப்பறையில் எங்கே கைகொடுக்கிறது, எங்கே கைவிடுகிறது என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். "பேசத் தெரிந்த மொழிக்கு ஐந்து வருடமா" என்ற கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அதற்குப் பதில் கிடைத்தால் மற்றக் கேள்விக்கும் பாதிப் பதில் வந்துவிடும்.

என்னிடம் பயிற்சிக்கு வந்த ஒரு மாணவியைப் பற்றிச் சொல்கிறேன். தலைமுறை தலைமுறையாக நோர்வேக்காரி, நன்றாக எழுதுவாள், நிறைய வாசிப்பாள். நாட்டுக்கு வந்து இரண்டு வருடமே ஆன ஒரு பையன் வகுப்பில் இருந்தான். "இ தாக் யை ஸ்பீசெர் ஃபிஸ்க்" என்று எழுதியிருந்தான். இன்று நான் மீன் சாப்பிடுகிறேன் என்று சொல்ல நினைத்திருக்கிறான். அவள் அதை "இ தாக் ஸ்பீசெர் யை ஃபிஸ்க்" என்று திருத்தினாள். "ஏன் அப்படி மாற வேண்டும்?" என்று அவன் கேட்டான். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்படிச் சொன்னால்தான் காதுக்குச் சரியாக இருக்கிறது" என்றாள். பையனுக்கு அது எதற்கும் உதவவில்லை, அவனுடைய காதுக்கு முதல் வாக்கியமும் சரியாகத்தான் இருந்தது.

விதி மிகவும் எளிது. நோர்வேஜிய மொழியில் சாதாரண வாக்கியத்தின் இரண்டாவது இடம் வினைச்சொல்லுக்கு உரியது. "இன்று" என்பதை முன்னால் கொண்டுவந்து வைத்தால் "நான்" என்பது வினைக்குப் பின்னால் போய்விட வேண்டும். மூன்று வயதிலிருந்தே அந்த மாணவி இதைப் பிழையில்லாமல் செய்துவருகிறாள். ஆனால் தான் என்ன செய்கிறோம் என்பதை அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. மொழி ஆசிரியர் பயிற்சியின் பெரும்பகுதி இதுதான். தனக்குள் தானாக ஓடிக்கொண்டிருக்கும் மொழியை வெளியே எடுத்து வைத்து, மற்றவர் கண்ணால் பார்க்கப் பழகுவது. இதற்கு வருடங்கள் எடுக்கும். இதில் தாய்மொழிக்காரருக்கு எந்தச் சலுகையும் இல்லை. சில இடங்களில் அவர்களுக்குத்தான் கூடுதல் சிரமம்.

வந்தேறிய பிள்ளைகளுக்கு மட்டும் வேண்டிய திறமை இது என்று நினைத்துவிட வேண்டாம். நோர்வேஜியப் பிள்ளைகள் தாங்களே செய்யும் பிழைகள் இருக்கின்றன. இரண்டு சொல்லைச் சேர்க்கிற "உம்" போன்ற ஒரு சிறு சொல்லும், வினைச்சொல்லின் மூல வடிவத்துக்கு முன்னால் வருகிற ஒரு குறியும் பேச்சில் ஒரே "ஓ"வாகவே கேட்கும். எழுத்தில் இரண்டும் வேறு. பெரியவர்கள்கூட இதில் தடுமாறுகிறார்கள். கூட்டுச்சொல்லைப் பிரித்து எழுதுவது இன்னொரு பிழை. "தூன்ஃபிஸ்க்பீதெர்" என்று சேர்த்து எழுதினால் சூரைமீன் துண்டுகள். இடைவெளி விட்டு எழுதினால் சூரைமீன் கடிக்கிறது என்று பொருள் மாறிவிடும். மொழியைக் காதால் கற்றவர்களுக்கே இவை அதிகம் வருகின்றன. என் வகுப்புகளில் பார்த்தவரை, எழுத்தின் வழியாக மொழிக்குள் வந்த பிள்ளைகளுக்கு "ஓ" பிழை குறைவு. ஆசிரியருக்கு இரண்டு வகைப் பிழைகளின் வேரும் தெரிந்திருக்க வேண்டும்.

சரி, படிப்பின் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மூன்று வழிகள் உண்டு. 1 முதல் 7ஆம் வகுப்பு வரைக்கான ஆசிரியர் படிப்பு, 5 முதல் 10 வரைக்கானது, 8ஆம் வகுப்பிலிருந்து மேல்நிலை முடியும் வரைக்கான லெக்டர் படிப்பு. மூன்றும் ஐந்து வருடம், 300 புள்ளிகள். ஒரு முழு வருடப் படிப்பு 60 புள்ளி என்று கணக்கு. முதல் இரண்டும் முன்பு நான்கு வருடமாக இருந்தவை, 2017இல் முதுகலைப் படிப்பாக மாறின. ட்ரொம்சோ பல்கலைக்கழகம் 2010இலேயே சோதனை முயற்சியாக இதைத் தொடங்கியிருந்தது. 1–7 படிப்பில் எல்லோரும் நோர்ஸ்கும் கணிதமும் குறைந்தது 30 புள்ளி படிக்க வேண்டும். 5–10இல் நோர்ஸ்கைத் தேர்ந்தெடுத்து அதிலேயே முதுகலை ஆய்வும் செய்யலாம். முதலில் இலக்கியத்திலோ மொழியியலிலோ முதுகலை முடித்துவிட்டு, பேபேயூ எனப்படும் ஒரு வருட ஆசிரியப் பயிற்சியைச் சேர்த்துக்கொள்கிறவர்களும் உண்டு. வகுப்பறையில் நின்று பழகும் நாட்கள் முதல் இரண்டு படிப்பிலும் குறைந்தது 110, லெக்டர் படிப்பில் 100, பேபேயூவில் 60.

1–7 படிப்பின் அந்த 30 புள்ளி போதாது என்பது என் கருத்து. அரை வருடத்தில் இலக்கணம், சிறுவர் இலக்கியம், நோர்வேஜிய மொழியின் இரண்டு எழுத்து வடிவங்கள் (அவை பற்றிப் பின்னால் சொல்கிறேன்), இவை எல்லாவற்றோடும் ஆறு வயதுப் பிள்ளைக்கு முதன்முதலாக வாசிக்கக் கற்றுக்கொடுப்பதையும் படித்து முடிக்க வேண்டும். வாசிப்பின் தொடக்கம் தனிக் கலை. நோர்வேஜிய அகரவரிசையில் 29 எழுத்துகள். வாரத்துக்கு ஓர் எழுத்து என்று போவதுதான் பழைய வழக்கம். பாடசாலை வருடத்துக்கு 38 வாரம் என்பதால் முதல் வகுப்பு முடியப் போகும்போதுதான் பிள்ளையின் கையில் எல்லா எழுத்தும் வந்து சேரும். வாசிக்கத் துடிக்கும் பிள்ளை அதுவரை காத்திருக்க வேண்டும், பின்தங்கும் பிள்ளையை ஆசிரியர் கண்டுபிடிப்பதும் தாமதமாகும். இப்போது பல பாடசாலைகள் வாரத்துக்கு இரண்டு எழுத்தோ அதற்கு மேலோ அறிமுகப்படுத்திவிட்டு, மிச்ச மாதங்களில் அவற்றைத் திரும்பத் திரும்பப் புழங்கவிடுகின்றன. இதைச் சரியாகச் செய்ய, ஒலி, எழுத்து, அசை பற்றி ஆசிரியருக்கு உறுதியான அறிவு வேண்டும். உங்கள் மகள் சிறு பிள்ளைகளோடு வேலை செய்ய நினைத்தால், நோர்ஸ்கில் 30ஓடு நிற்காமல் மேலும் எடுக்கச் சொல்லுங்கள்.

இனி, இந்தப் பாடத்தை வேறு எந்த நாட்டின் மொழிப் பாடத்திலிருந்தும் பிரித்துக் காட்டும் விஷயத்துக்கு வருகிறேன். நோர்வேஜிய மொழிக்கு எழுத்து வடிவம் இரண்டு: பூக்மோல், நீநோர்ஸ்க். இரண்டும் சட்டப்படி சமம். நோர்ஸ்க் ஆசிரியருக்கு இரண்டும் தெரிந்திருக்க வேண்டும்.

ஏன் இரண்டு? 1814 வரை நோர்வே டென்மார்க்கோடு சேர்ந்திருந்தது, எழுத்து மொழி டேனிஷ். பிரிந்த பிறகு சொந்த எழுத்து மொழி எது என்ற கேள்வி எழுந்தது. அதற்கு வெவ்வேறு பதில் சொன்ன இருவருமே ஆசிரியர்கள். ஊர்ஸ்தாவைச் சேர்ந்த விவசாயக் குடும்பத்துப் பையனான ஈவார் ஓசென், 18 வயதில் 1831இல் ஊர் ஊராகப் போய்ப் படிப்பிக்கும் ஆசிரியராகத் தொடங்கியவர். 1842 முதல் நாடெங்கும் அலைந்து வட்டார வழக்குகளைத் திரட்டினார். 1848இல் இலக்கணம், 1850இல் அகராதி. மக்களின் பேச்சுவழக்கிலிருந்து அவர் கட்டி எழுப்பியது பிற்காலத்தில் நீநோர்ஸ்க் ஆனது. மற்றவர் கனூத் கனூட்சென், ஒஸ்லோவில் பாடசாலை ஆசிரியர். டேனிஷ் எழுத்தை ஒரேயடியாகத் தூக்கி எறியாமல், நகரத்துப் படித்தவர்களின் பேச்சுக்கு ஏற்பப் படிப்படியாக நோர்வேமயமாக்க வேண்டும் என்றார். அந்த வழியில் வந்தது பூக்மோல். 1885இல் நாடாளுமன்றம் இரண்டையும் சமமாக ஏற்றது. எந்த வடிவத்தில் படிப்பிப்பது என்பதை உள்ளூர்ப் பாடசாலைச் சபை முடிவு செய்யலாம் என்று 1892இல் சட்டம் வந்தது. ஆசிரியப் பயிற்சி மாணவர்கள் இரண்டிலும் தேற வேண்டும் என்பது 1902 முதல் இருக்கிறது. மேல்நிலை இறுதித் தேர்விலும் 1907 முதல் இரண்டிலும் எழுத வேண்டும் என்றானது.

இன்று பாடசாலைப் பிள்ளைகளில் 100க்கு 11, 12 பேர் நீநோர்ஸ்கை முதல் எழுத்து வடிவமாகக் கற்கிறார்கள், பெரும்பாலும் மேற்குக் கரையில். மற்றவர்களுக்கு அது சீடெமோல், அதாவது துணை வடிவம். 10ஆம் வகுப்பில் ஒரு பிள்ளைக்கு நோர்ஸ்கில் மூன்று மதிப்பெண்: முதல் வடிவ எழுத்து, துணை வடிவ எழுத்து, வாய்மொழி. ஒஸ்லோப் பிள்ளைகளுக்கு இந்தத் துணை வடிவம் எப்படித் தெரிகிறது என்று உங்கள் மகளிடமே கேட்டுப் பாருங்கள். பலர் அதைத் தண்டனையாகவே நினைக்கிறார்கள். பயிற்சிக்கு வரும் மாணவர்களே அந்த மனநிலையோடு வருகிறார்கள் என்பதுதான் சிக்கல். தான் வெறுத்த ஒன்றை நேசிக்கும்படி இன்னொருவருக்குச் சொல்லிக் கொடுக்க முடியாது. பதின்மூன்று வயதுப் பிள்ளை ஆசிரியரின் முகத்தைப் பார்த்தே அதைக் கண்டுபிடித்துவிடும்.

நல்ல பயிற்சி இந்த முடிச்சை வட்டார வழக்கின் வழியாக அவிழ்க்கிறது. "நான்" என்பது பூக்மோலில் "யை", நீநோர்ஸ்கில் "ஏக்". "என்ன" என்பது "வா", மற்றதில் "க்வா". இந்தப் பட்டியலை மனப்பாடம் செய்யச் சொன்னால் அலுப்புத்தான் மிஞ்சும். நான் வகுப்பில் முதலில், "உங்கள் தாத்தா பாட்டி எந்த ஊர்? அங்கே 'நான்' என்பதற்கு என்ன சொல்வார்கள்?" என்று கேட்பேன். பலகை நிறைய வடிவங்கள் சேரும். அவற்றில் சில நீநோர்ஸ்கோடு அப்படியே பொருந்தும். தன் பாட்டியின் பேச்சு எழுத்தில் இருக்கிறது என்று கண்ட பிள்ளை அதற்குப் பிறகு நீநோர்ஸ்கை வேறு கண்ணால் பார்க்கும். தாத்தா பாட்டி நோர்வேக்கு வெளியே உள்ள பிள்ளைகளை இந்த வேலையிலிருந்து ஒதுக்கக் கூடாது. ஒரே மொழிக்குள் ஊருக்கு ஒரு பேச்சு இருப்பதை அவர்களுக்குத்தான் வீட்டிலேயே நன்றாகத் தெரியும், அதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். இலக்கியத்தின் வழியும் உண்டு. 2023இல் நோபல் பரிசு பெற்ற யூன் ஃபொஸ்ஸெ நீநோர்ஸ்கில் எழுதுகிறவர். அந்த வருடம் என் வகுப்பில் நீநோர்ஸ்கை யாரும் பட்டிக்காட்டு மொழி என்று சொல்லவில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு, தலைநகரில் படிப்பவர்கள் அதை எளிதில் மறந்துவிடுகிறார்கள். நீநோர்ஸ்கை முதல் வடிவமாகக் கற்கும் பிள்ளையைச் சுற்றி இருப்பதெல்லாம் பூக்மோல்: பத்திரிகை, கைப்பேசி, பெரும்பாலான புத்தகங்கள். பாடநூல்கள் இரண்டு வடிவத்திலும் ஒரே நேரத்தில் ஒரே விலைக்குக் கிடைக்க வேண்டும் என்ற விதி அந்தப் பிள்ளைகளுக்காகத்தான். அங்கே ஆசிரியரின் வேலை, பிள்ளை தன் சொந்த எழுத்தை நழுவ விடாமல் பார்த்துக்கொள்வது. மேற்குக் கரையிலுள்ள வொல்டாவில் நீநோர்ஸ்க் கல்விக்கென்றே தேசிய மையம் இருக்கிறது. பயிற்சிக் காலத்தில் சில வாரமாவது அந்தப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் இருந்து பார்க்க எல்லா மாணவருக்கும் வாய்ப்புத் தரலாம் என்று நான் விரும்புகிறேன்.

உங்கள் மகளுக்கு முன்னெச்சரிக்கையாக ஒன்று. சிறுபான்மை மொழிப் பிள்ளைகள் தனி மொழி உதவி பெற்றிருந்தால் துணை வடிவத்தில் மதிப்பெண் பெறுவதிலிருந்து விலக்குக் கேட்கலாம். பெற்றோர் பலர் சுமை குறையட்டும் என்று அதை எடுத்துவிடுகிறார்கள். ஆசிரியராக வரும் எண்ணம் இருந்தால் அந்த விலக்கு பின்னால் கடனாகத் திரும்பி வரும், ஏனென்றால் நோர்ஸ்க் படிப்பில் நீநோர்ஸ்க் தேர்வு இருக்கிறது. ஏற்கெனவே விலக்குப் பெற்றிருந்தாலும் பாதகமில்லை, இப்போதே வாசிக்கத் தொடங்கினால் போதும்.

அடுத்தது பேச்சு. உங்கள் கேள்வியின் அடியில் இருக்கும் அச்சம் இதுதான் என்று நினைக்கிறேன்: "என் பிள்ளையின் உச்சரிப்பைப் பார்த்துச் சிரிப்பார்களோ?" நோர்வேயில் அதிகாரபூர்வமான "சரியான உச்சரிப்பு" என்று ஒன்று கிடையாது. பிள்ளைகளின் பேச்சு மொழியிலேயே கூடியவரை படிப்பிக்க வேண்டும் என்று நாடாளுமன்றம் 1878இலேயே சொல்லிவிட்டது. வகுப்பில் எந்தப் பேச்சு வழக்கைப் பயன்படுத்துவது என்பதை மாணவரும் ஆசிரியரும் தாங்களே முடிவு செய்யலாம் என்பது கல்விச் சட்டத்தில் இருக்கிறது. பெர்கன்காரர் ட்ரொம்சோவில் பெர்கன் பேச்சிலேயே படிப்பிப்பார், யாரும் திருத்த மாட்டார்கள். வட்டார வழக்குக்கு இவ்வளவு மரியாதை தரும் பாடசாலைகள் உலகில் அதிகம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒஸ்லோவில் வளர்ந்த உங்கள் மகளுக்கு ஒஸ்லோப் பேச்சு இருக்கிறது, அது போதும். சட்டம் இருந்தாலும் சில வாய்கள் சும்மா இராது என்பதும் உண்மை. அப்படி ஏதும் கேட்டால், தான் நிற்கும் தரை உறுதியானது என்பதை அவள் அறிந்திருக்க வேண்டும்.

இப்போது, என் அனுபவத்தில் பயிற்சி மாணவர்கள் அதிகம் தடுமாறும் இடம்: பிள்ளை எழுதியதற்குப் பதில் சொல்வது. முதல்முறை கட்டுரைக் கட்டை வீட்டுக்கு எடுத்துப் போகும் மாணவர் பெரும்பாலும் பக்கம் முழுக்கச் சிவப்பாக்கிக் கொண்டு வருவார். ஒருமுறை ஒரே பக்கத்தில் முப்பதுக்கு மேல் திருத்தங்களை எண்ணினேன். அவர் நள்ளிரவு வரை விழித்திருந்து செய்த வேலை. அந்தப் பிள்ளை மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டுத் தாளை மடித்துப் பையில் வைத்தது, அவ்வளவுதான். எழுதி முடித்த பிறகு வரும் திருத்தம் பிள்ளைக்குப் பிரேதப் பரிசோதனை மாதிரி, அதனால் எழுத்து பிழைக்காது.

ஆகவே நான் சொல்லிக் கொடுப்பது இது. பிள்ளை எழுதிக்கொண்டிருக்கும்போதே வாசியுங்கள். முதலில் அது என்ன சொல்ல வருகிறது என்பதற்குப் பதில் சொல்லுங்கள். பிறகு இந்த வாரம் மாற்றக்கூடிய இரண்டு விஷயத்தை மட்டும் காட்டுங்கள், மற்றப் பிழைகளைக் கண்டும் காணாமல் விடுங்கள். கடைசிப் பகுதிதான் மிகவும் கடினம். பிழையைப் பார்த்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டிருக்க மொழி படித்தவர்களுக்கு மனம் வராது. இதற்கு உதவும் கருவிகளும் இருக்கின்றன. ட்ரொண்ட்ஹைமில் தேசிய எழுத்து மையம் இருக்கிறது. அங்கே பயன்படும் "எழுத்துச் சக்கரம்", எழுத்தை ஆறு செயல்களாகப் பார்க்கிறது: தொடர்பு கொள்வது, தன்னைத் திரும்பிப் பார்ப்பது, விவரிப்பது, ஆராய்வது, கற்பனை செய்வது, இணங்க வைப்பது. பிள்ளை எந்தச் செயலுக்காக எழுதுகிறது என்று தெரிந்தால் எதை முதலில் கவனிப்பது என்பதும் விளங்கும். இணங்க வைக்க எழுதிய கடிதத்தில் வாதத்தைப் பார்க்காமல் நிறுத்தற்குறியை எண்ணிக்கொண்டிருப்பது வீண். 7ஆம் வகுப்பு வரை மதிப்பெண்ணே இல்லாதது இந்த நாட்டில் பெரிய வசதி. 8ஆம் வகுப்பில் 1 முதல் 6 வரை எண் வந்ததும் பிள்ளைகளின் கண் அந்த எண்ணுக்கே போய்விடுகிறது. அதனால் நான் கருத்தை இன்று கொடுத்து, எண்ணை நாலு நாள் கழித்துக் கொடுக்கிறேன்.

இலக்கியத்துக்கு வருவோம். இன்ன எழுத்தாளரைப் படிப்பித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயப் பட்டியல் இன்றைய பாடத்திட்டத்தில் கிடையாது. 1997ஆம் ஆண்டுத் திட்டத்தில் பெயர்கள் இருந்தன, 2006இல் அவை போயின, 2020இல் வந்த புதிய திட்டத்திலும் திரும்பவில்லை. எதை வாசிப்பது என்பது ஆசிரியரின் கையில் இருக்கிறது. இதைச் சுதந்திரம் என்று கொண்டாடுகிறவர்கள் உண்டு. எனக்கு அது பொறுப்பாகத்தான் படுகிறது. தான் நிறைய வாசிக்காத ஆசிரியர், கையில் கிடைத்த பாடநூலின் துண்டுகளோடு நின்றுவிடுவார். பிள்ளைகளும் மூன்று வருடம் துண்டுகளையே வாசிப்பார்கள். 5ஆம் வகுப்புப் பிள்ளைகளின் வாசிப்பை அளக்கும் பன்னாட்டு ஆய்வில் 2016இல் 559 எடுத்த நோர்வே, 2021இல் 539க்கு இறங்கியது. அந்த எண்ணைவிட என்னை உறுத்தியது வேறு. பங்கெடுத்த நாடுகளில் வாசிப்பில் ஆர்வம் மிகக் குறைவாக இருந்தது நோர்வேப் பிள்ளைகளுக்கு. இவ்வளவு நூலகங்கள் உள்ள நாட்டில் இப்படி என்றால், அதில் எங்கள் பாடத்துக்கும் பங்கு இருக்கிறது.

இலக்கிய வகுப்பு என்றால் ஆசிரியர் கவிதையை விளக்க, பிள்ளைகள் குறிப்பெடுப்பது என்ற பழக்கத்தை உடைப்பது பயிற்சியின் முக்கிய வேலை. இங்கிலாந்து எழுத்தாளர் ஐடன் சேம்பர்ஸ் வகுத்த கேள்விகள் நோர்வேயில் பரவலாகப் பயன்படுகின்றன. என்ன பிடித்தது, என்ன பிடிக்கவில்லை, எது புரியவில்லை, எதெல்லாம் ஒன்றோடொன்று சேர்கிறது? கேட்க எளிதாகத் தெரியும். ஆனால் ஒரு பிள்ளை "இது புரியவில்லை" என்றதும் விடையைச் சொல்லிவிடாமல், "வேறு யாருக்கு அந்த இடம் அப்படி இருந்தது?" என்று கேட்டுவிட்டு மௌனமாக நிற்பது எவ்வளவு கடினம் தெரியுமா? பத்து விநாடி மௌனம் வகுப்பறையில் மிக நீண்டது. பயிற்சி மாணவர்கள் மூன்றாவது விநாடியில் பேசிவிடுவார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன்.

என் வகுப்பில் நன்றாக நடக்கும் பாடம் ஒன்றைச் சொல்கிறேன். இப்சனின் "பொம்மை வீடு" நாடகம், 1879 டிசம்பர் 4இல் கோபன்ஹேகனில் வெளியானது. நோர்வேயின் புகழ்பெற்ற நாடகம் டென்மார்க்கில் அச்சானது என்பதிலேயே மொழி வரலாறு தொடங்கிவிடுகிறது. பழைய எழுத்தில் ஒரு பக்கத்தைக் கொடுத்து, இது டேனிஷா நோர்வேஜியமா என்று கேட்பேன், பிள்ளைகள் சண்டை போடுவார்கள். கடைசியில் நூரா கணவனையும் பிள்ளைகளையும் விட்டுக் கதவைத் திறந்து போய்விடுகிறாள். பிள்ளைகளை விட்டுப் போகும் தாயாக நடிக்க மாட்டேன் என்று ஜெர்மன் நடிகை ஒருவர் மறுத்தபோது, வேறு யாரும் கைவைப்பதற்கு முன் இப்சன் தாமே இன்னொரு முடிவை எழுதிக் கொடுத்தார். அதில் கணவன் அவளைப் பிள்ளைகளின் அறை வாசலுக்கு இழுத்துப் போகிறான், அவள் போக முடியாமல் அங்கே தளர்ந்து விழுகிறாள். நாடகத்தின் மீது நடத்தப்பட்ட வன்முறை என்று அதை இப்சனே பிறகு கண்டித்தார். இரண்டு முடிவையும் பெயர் சொல்லாமல் வகுப்பில் வைப்பேன். எது உண்மையான முடிவு? எதை வைத்துச் சொல்கிறாய்? அடுத்த நாற்பது நிமிடம் எனக்கு வேலையே இல்லை. நூரா போனது சரியா என்று பதினைந்து வயதுப் பிள்ளைகள் நாடகத்தின் வரிகளைக் காட்டிக் காட்டி வாதாடுவார்கள். வெவ்வேறு நாட்டுப் பின்னணி கொண்ட வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் இது இன்னும் ஆழமாகப் போகும்.

இந்தப் பாடத்தின் கறுப்புப் பக்கத்தையும் பயிற்சியில் படிக்க வேண்டும், அதை யாரும் தாண்டிப் போகக் கூடாது என்பது என் பிடிவாதம். நோர்வேயின் முதல் அரசு ஆசிரியப் பயிற்சிப் பள்ளி 1826இல் வடக்கே துரொந்தெனெஸில் தொடங்கியது. அந்த வடக்கில் சாமி என்ற பழங்குடி மக்களும், ஃபின்லாந்துப் பக்கத்திலிருந்து வந்து குடியேறியவர்களின் வழிவந்த குவேன் மக்களும் வாழ்கிறார்கள். 1851இல் அரசு ஒதுக்கிய நிதி ஒன்றிலிருந்து, அந்தப் பிள்ளைகளுக்கு நோர்வேஜிய மொழியைப் புகட்டிக் காட்டும் ஆசிரியர்களுக்குக் கூடுதல் சம்பளம் போனது. 1880இலும் 1898இலும் வந்த உத்தரவுகள் வகுப்பில் சாமி மொழிக்கும் குவேன் மொழிக்கும் இருந்த இடத்தை மேலும் குறுக்கின. தவிர்க்க முடியாத இடத்தில் மட்டும் துணைக்கு வைத்துக்கொள்ளலாம் என்பது வரை போனது. சாமி மொழியில் படிப்பிக்கலாம் என்று சட்டம் திரும்ப அனுமதித்தது 1959இல்தான். அதற்குள் எத்தனையோ குடும்பங்களில் மொழி அறுந்துபோயிருந்தது. உண்மை, நல்லிணக்க ஆணைக்குழு 2023 ஜூன் 1இல் அறிக்கை தந்தது, 2024 நவம்பரில் நாடாளுமன்றம் மன்னிப்புக் கேட்டது. நோர்ஸ்க் பாடம் ஒரு காலத்தில் பிள்ளையின் நாவிலிருந்து தாய்மொழியைப் பிடுங்கும் கருவியாக இருந்தது. அதைச் செய்தவர்கள் கெட்டவர்கள்கூட இல்லை, பிள்ளைக்கு நல்லது செய்கிறோம் என்று நம்பிய ஆசிரியர்கள். இதைப் படித்த மாணவர், "வீட்டில் நோர்வேஜிய மொழியிலேயே கதையுங்கள்" என்று ஒரு தாயிடம் சொல்வதற்கு முன் நிச்சயம் ஒருமுறை யோசிப்பார்.

இனி உங்கள் மகளுக்கு வருகிறேன். வீட்டில் தமிழ் இருப்பது அவளுக்கு மூலதனம். இரண்டு மொழியில் வளர்ந்தவர்கள் வாக்கியம் வேறு மாதிரியும் அமையலாம் என்பதைச் சிறு வயதிலேயே உணர்ந்தவர்கள். தமிழில் வினை கடைசியில் வரும், நோர்வேஜியத்தில் இரண்டாவது இடத்தில். எழுதும் தமிழும் கதைக்கும் தமிழும் வேறு என்பதோடு வளர்ந்த பிள்ளைக்கு, பேச்சுக்கும் எழுத்துக்கும் உள்ள தூரத்தைப் பூக்மோல், நீநோர்ஸ்க் வழியாக விளக்குவது புது விஷயமாக இருக்காது. வகுப்பில் உள்ள புதுப் பிள்ளைகளுக்கு அவளைப் பார்ப்பதே தெம்பு.

குறையும் ஒன்று இருக்கலாம், அதையும் மறைக்காமல் சொல்கிறேன். நோர்வேஜிய வீடுகளில் கதையாகவும் பாட்டாகவும் பிள்ளையோடு வளரும் சில விஷயங்கள் நம் வீடுகளில் இருப்பதில்லை: ஆஸ்பியோர்ன்சென், மூ என்ற இருவர் திரட்டிய நாட்டுப்புறக் கதைகள், பழைய பள்ளி வாசகப் புத்தகத்துப் பாட்டுகள், தேவாலயப் பாடல்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டு இலக்கியம் முழுக்க இவற்றின் சாயல் இருக்கும். என்னோடு படித்தவர்கள் எதிரொலியைக் கேட்ட இடத்தில் எனக்கு வெறும் சொல் மட்டும் கேட்டது. இரண்டு கோடை விடுமுறை உட்கார்ந்து வாசித்துத்தான் அதை நிரப்பினேன். டேனிஷ், சுவீடிஷ் வாசிப்பும் நோர்ஸ்க் பாடத்துக்குள் அடக்கம். பழைய நோர்ஸ் மொழியும் மேல்நிலையில் கொஞ்சம் வரும். அங்கே எல்லோரும் ஒன்றாகவே திணறுவதால் கவலை வேண்டாம்.

எந்த வழியைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்டால், அவளுக்குப் பதின்ம வயதுப் பிள்ளைகளையும் பெரிய நாவல்களையும் பிடிக்குமானால் லெக்டர் படிப்பு. பிள்ளை முதல் சொல்லை வாசிக்கும் நொடியைப் பார்க்க ஆசையிருந்தால் 1–7. முடிவு எடுக்குமுன் ஏதாவது ஒரு பாடசாலையில் சில வாரம் பதில் ஆளாக வேலை செய்து பார்க்கட்டும். விண்ணப்பம் வழக்கமாக ஏப்ரல் 15க்குள் போக வேண்டும். ஆசிரியர் படிப்புக்கு நோர்ஸ்கில் குறைந்தது 3 வேண்டும். கணிதத்துக்கும் நிபந்தனை உண்டு, அது அண்மையில் மாறியிருப்பதால் விண்ணப்பிக்கும் வருடத்து விதியைப் பாருங்கள். அதுவரை நூலகத்திலிருந்து உலாவ் ஹோ. ஹவ்கெயின் கவிதைத் தொகுப்பு ஒன்றை எடுத்து வரச் சொல்லுங்கள். உல்விக்கில் பழத்தோட்டம் வைத்திருந்த தோட்டக்காரர் அவர், எழுதியது நீநோர்ஸ்கில். கவிதைகள் சின்னவை. இரவுக்கு ஒன்றாகச் சத்தமாக வாசித்தால் சில வாரத்தில் அந்த மொழி காதில் உட்கார்ந்துவிடும்.